பொறுத்துக்கோ20

பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து
நாலு நாள் சாலை இல்லை.
நூற்றுப்பன்னிரண்டு பொட்டலங்கள்
நாயுடுபுரத்தில் என் முன்னறையில்
ஈரம் குடித்துக் கிடந்தன.
ஐந்தாம் நாள் எல்லாருக்கும்
ஒரு தள்ளுபடிச் சொல் அனுப்பினேன்:
பொறுத்துக்கோ20.

சேத்துப்பட்டிலிருந்து ஒருவர் எழுதினார்:
‘பொறுத்துக்கோங்க’ என்று போட்டிருக்கலாமே அம்மா,
எனக்கு எழுபது வயது.
நியாயம்தான்.
ஆனால் அந்தச் சொல்
நூற்றுப்பதின்மூன்றாவது முகவரிக்கு எழுதியது.
மற்றவர்கள் எல்லாம் அதில் தொற்றிக்கொண்டு போனவர்கள்,
கடைசி பஸ்ஸின் படிக்கட்டில்போல.

சலேத்.
கடையில் பாதி அவள்.
கணக்கில் மூவாயிரத்து எண்ணூறு குறைந்த அன்று
நீதானே எடுத்தே என்றேன்.
கேட்கவில்லை, சொன்னேன்.
ஒன்பதாம் நாள் அந்தப் பணம்
பேமென்ட் கம்பெனியின் ஏதோ ஓர் இடுக்கிலிருந்து
தானே நடந்து வந்து கணக்கில் உட்கார்ந்தது.
அதற்குள் அவள்
தராசைக்கூட எடுத்துக்கொள்ளாமல்
பூம்பாறைக்குப் போயிருந்தாள்.

இரவானால் ஏஜென்டைக் கேட்பேன்.
கடைக் கணக்கு முழுக்க அதன் கையில்.
பொறுத்துக்கோ20, யார் யார் எடுத்தார்கள்?
சலிக்காமல் சொல்லும்:
திருநின்றவூர், யூகலிப்டஸ் தைலம் இரண்டு, தள்ளுபடி எழுபத்தாறு.
ஓசூர், பிளம்ஸ் ஜாம், ஐம்பத்திரண்டு.
சேத்துப்பட்டு, காப்பிக்கொட்டை ஒரு கிலோ.
(மரியாதை போனாலும்
இருபது சதவீதம் இருபது சதவீதம்தானே.)
மொத்தம் நாற்பத்தொன்று.
எழுபத்திரண்டு பேர் பயன்படுத்தவில்லை.
நினைவூட்டல் அனுப்பட்டுமா?

வேண்டாம்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் ஓர் ஆர்டர்.
சலேத் ராணி, பூம்பாறை.
மலைப்பூண்டு, அரைக் கிலோ.
அவள் வாசலுக்கு எதிரே விளைகிற பூண்டு.
அங்கே வாங்கித்தான்
இங்கே நான் விற்கிறேன்.

ஏஜென்டைக் கேட்டேன்.
நாற்பத்தொன்று. அதே நாற்பத்தொன்று.
பட்டியலில் அவள் இல்லை.
கேள்வியை மாற்றினேன்:
எடுத்தவர்கள் வேண்டாம்.
போட்டுப் பார்த்தவர்கள்?
மூன்று புள்ளிகள் துடித்தன. பிறகு,
ஒருவர்.
இரவு 1.47க்கு இட்டார்.
இருநூறு ரூபாய் நூற்றறுபதானது.
1.58க்கு நீக்கினார்.
முழுத் தொகையும் செலுத்தினார்.

பதினோரு நிமிடம்.
ஸ்வெட்டரைக் கைவரை இழுத்துக்கொண்டு
அந்த நாற்பது ரூபாயை அவள் பார்த்தபடி இருந்திருக்கிறாள்.

ஏன் நீக்கினாள்?
காரணத்துக்கான கட்டம் இந்தப் பதிவில் இல்லை என்றது.
ஊகித்துச் சொல்லாத வாய்க்கு ஒரு கும்பிடு.
ஊகம்தான் என்னிடமே ஆறேழு இருந்ததே.
உன் சலுகை யாருக்கு வேணும் என்றிருக்கலாம்.
போகட்டும், விலை பேசாதே என்றும் இருக்கலாம்.
விரல் தவறியிருக்கலாம்,
பூம்பாறையில் சிக்னல் அப்படி.
தள்ளுபடி என்ற சொல்லுக்கே
கோர்ட்டில் ஒரு பொருள், கடையில் ஒரு பொருள்.

பூண்டை அவள் தராசில் நிறுத்தேன்.
அஞ்சு கிராம் கூடக் காட்டும் அது என்பாள்,
நான் நம்பியதில்லை.
இன்றைக்கு ஒரு முழுப் பூண்டு சேர்த்து வைத்தேன்.

கூரியர் போகும் வழி எனக்குத் தெரியும்.
மலையிறங்கி வத்தலக்குண்டு,
அங்கே ஓர் இரவு சாக்குக்குள்,
மறுபடி அத்தனை வளைவும் மூச்சு வாங்க ஏறி
எங்கள் தெருமுனையைத் தாண்டிப்
பூம்பாறை.
மூன்று நாள்.
பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்.

வேறு விதமாய் அனுப்ப முடியுமா என்று தட்டினேன்.
உங்கள் கடையில் கூரியர் மட்டுமே உள்ளது,
‘நேரில்’ என்று ஒன்று சேர்க்கட்டுமா என்கிறது.

ஏழேகால் பஸ்
பனிக்குள் எங்கோ ஹாரன் அடிக்கிறது.
மஃப்ளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஏஜென்ட் காத்திருக்கிறது.